வெங்காயத் தோட்டத்து மோட்டரும் 1820 ஆம் ஆண்டும்



நுரைச்சோலையில் வாழும் நமக்கு கரண்ட் என்றால் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியும் மாதாமாதம் வரும் பில்லும்தான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கோ அது பிளெமிங்கின் இடக்கை விதி. பெருவிரல் விசை, சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம் என்று மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டும் ஒரே கதை என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வது குறைவு.

கதை 1820 இல் தொடங்குகிறது. மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே வைத்த திசைகாட்டியின் ஊசி அசைவதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டார். கம்பி காந்தத்தைத் தள்ளுகிறது என்றால் காந்தமும் கம்பியைத் தள்ள வேண்டுமே! அதே ஆண்டு பிரான்ஸின் அம்பியர், ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், எதிர்த்திசையில் பாய்ந்தால் தள்ளும் என்று காட்டினார்.

1821 இல் லண்டனில் மைக்கல் பரடே, பாதரசக் கிண்ணத்தில் நிறுத்திய காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுழல வைத்தார். இன்றைய மோட்டர்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். பரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனவர், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றார். 1831 இல் அவரே, காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்றும் கண்டுபிடித்தார்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். கிணற்றடியில் ஓடும் சாதாரண மோட்டரின் சுழலும் பகுதிக்கு வயர் எதுவும் போவதில்லை. சுற்றியுள்ள சுருள்களின் மாறும் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அது 1831. அந்த ஓட்டத்தின் மேல் காந்தவிசை தாக்கி அதைச் சுழற்றுகிறது; அது 1821. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வருவது இந்த இரண்டு ஆண்டுகளின் புண்ணியத்தில்.

மின்நிலையத்தில் நடப்பது இதன் மறுபக்கம். நீராவி சுழலியைச் சுற்றுகிறது, மின்பிறப்பாக்கி மின்னைத் தருகிறது. ஆனால் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அதே காந்தவிசை சுழற்சியை எதிர்த்து இழுக்கிறது. நாம் ஒரு மோட்டரைப் போட்டால், நாட்டின் மின்பிறப்பாக்கிகள் எல்லாவற்றிலும் அந்த இழுவை மிகச் சிறிதளவு கூடுகிறது. அதை வெல்லத்தான் இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரிய வேண்டும். சுவிட்சுக்கும் புகைக்கும் நடுவே உள்ள கணக்கு இதுதான்.

அந்தப் புகையின் வரலாறு நமக்குத் தெரியும். மீனவர்களும் விவசாயிகளும் தலவில தேவாலயத்தை நேசித்த கத்தோலிக்க மக்களும் எதிர்ப்புத் தெரிவித்த திட்டம் அது. 2006 இல் வேலை தொடங்கியது. சில குடும்பங்கள் காணியை விட்டுப் போயின. 2011 மார்ச்சில் முதல் 300 மெகாவாற் இயங்கியது. 2014 இல் மொத்தம் 900 மெகாவாற் ஆனது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டபோது, நம்மூரின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவை திரும்பி வரும்வரை நாடு மின்வெட்டோடு காத்திருந்தது. நம் ஊர் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கணிதப் பிரிவு கஷ்டம், நமக்குச் சரிவராது என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். கொல்லரின் மகனுக்குச் சரிவந்தது, வெங்காயத் தோட்டக்காரரின் மகளுக்கும் மீனவரின் மகனுக்கும் சரிவரும். தூசியையும் புகையையும் நாம் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். அந்த இயந்திரங்களை இயக்கும் அறிவையும், அவற்றிடம் கேள்வி கேட்கும் அறிவையும் நம் பிள்ளைகள் வாங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.