வளர்ப்புப் பெற்றோரும் வளர்ந்த பிள்ளையின் சுவீகாரமும் (இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்)

ஈன்றோரின் ஆதரவை இழந்த குழந்தையை, அதன் குலப்பெயரும் சொத்துரிமையும் மாறாதிருக்கவே, தம் இல்லத்தில் ஏற்றுப் பேணுவோர் வளர்ப்புப் பெற்றோர் எனப்படுவர். சுவீகாரமோ அக்குழந்தையைச் சகல பாத்தியதைகளோடும் சொந்தப் பிள்ளையாக்கிக்கொள்ளும் சட்டவினை. கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்த பிள்ளையை முதலில் வளர்ப்பாக ஏற்று, இரு தரப்பும் மனம் ஒன்றிய பின் சுவீகரித்துக்கொள்ளும் ஏற்பாடு இவ்விரண்டையும் இணைப்பதாகும்.

புராதன சரித்திரம்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இப்பொருளில் தமிழகத்தின் முதன்மையான முன்மாதிரியை உடையது. வடபத்ரசாயிப் பெருமானுக்கு மாலை கட்டும் கைங்கரியத்தை மேற்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார், ஆடிப் பூரத்தன்று தம் நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்து, கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார் என்று வைணவக் குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன. அவளே ஆண்டாள், அந்நந்தவனம் வடபத்ரசாயி, ஆண்டாள் ஆகிய இரு சன்னிதிகளுக்கும் இடையே இன்றும் பேணப்படுகிறது. தாம் பெறாத மகளை வளர்த்த இவ்வாழ்வாரே, தான் பெறாத கண்ணனைச் சீராட்டிய யசோதையின் நிலையில் நின்று பாடியதும், பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகைக்கு வித்திட்டதும் குறிப்பிடத்தக்கன. ஈன்ற தாயாகிய தேவகியின் இழப்பைப் பாடும் பேறு குலசேகராழ்வாருக்கு வாய்த்தது.

சாஸ்திர வகைப்பாடு: மனு தர்மம் புத்திரரைப் பன்னிரு வகையாகப் பகுக்கிறது. ஔரசன், க்ஷேத்ரஜன், தத்தன், கிருத்ரிமன், கூடோத்பன்னன், அபவித்தன் என்னும் முதல் அறுவர் தாயபாகத்திற்கும் பந்துத்துவத்திற்கும் உரியர். கானீனன், சகோடன், கிரீதன், பௌனர்பவன், சுயம்தத்தன், சௌத்ரன் என்னும் பின் அறுவர் பந்துக்கள் மட்டுமே. பெற்றோரால் கைவிடப்பட்டுப் பிறரால் ஏற்கப்பட்டவன் அபவித்தன். பெற்றோரை இழந்தோ கைவிடப்பட்டோ தன்னைத் தானே ஒருவருக்கு மகனாக ஒப்புவித்துக்கொள்பவன் சுயம்தத்தன். பின்னவன் தன் சம்மதத்தைத் தானே சொல்லத்தக்க வயதினன் ஆதலின், வளர்ந்த பிள்ளையின் சுவீகாரத்திற்கு அவனே மூலபுருஷன் ஆவான். தந்தையால் விற்கப்பட்டுப் பின் விசுவாமித்திரரின் புதல்வனான சுனச்சேபன் இதற்குத் தக்க சான்று. எனினும் கலியுகத்தில் சொந்த மகனாகிய ஔரசனும் பெற்றோரால் கொடுக்கப்பட்ட தத்தனுமே கொள்ளத்தக்கவர் எனப் பிற்கால நிபந்தகாரர் (சாஸ்திரத் தொகுப்பாசிரியர்) வரையறுத்தமையால், தந்தையோ தாயோ தம் கையால் கொடுத்தாலன்றித் தத்து செல்லாது என்பதே விதியாகி, அநாதைக் குழந்தைக்குச் சுவீகாரத்தின் வாயில் அடைபட்டது. சந்ததியையும் பிண்டத்தையும் சொத்தையும் காப்பதே தத்தின் நோக்கமாயிற்று. குழந்தையின் நலன் பின்னுக்குச் சென்றது.

இராமநாதபுர வழக்கு: கணவனின் அனுமதி பெறாத விதவையும் சபிண்டராகிய நெருங்கிய குல உறவினரின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்று 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில், இராமநாதபுரம் ஜமீன் வாரிசு வழக்கில் தீர்ப்பளித்தது. திராவிட தேசத்துத் தத்து விதிக்கு இது ஆதாரமாயிற்று.

உறவினர் வளர்ப்பு: சட்டத்தின் துணையின்றி நிகழும் இவ்வகைக்கு இராஜபாளையத்தின் பூ. ச. குமாரசுவாமி ராஜா உதாரணமாவார். 1898இல் பிறந்து, சில தினங்களில் தாயையும் மூன்று வயதில் தந்தையையும் இழந்த அவர், பாட்டியாரால் வளர்க்கப்பெற்று, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். பிற்காலத்தில் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தார்.

நவீன சட்டம்: 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகார ஜீவனாம்சச் சட்டம் பெண்ணைத் தத்தெடுப்பதைப் பொதுவிதியாக அனுமதித்தது, ஆயினும், சமூக வழக்கம் வேறாக இருந்தாலன்றி, பதினைந்து வயது நிரம்பியோரை விலக்கிற்று. பெற்றோர் இன்னாரென அறியப்படாத குழந்தையைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியுடன் தத்துக் கொடுக்கலாம் என்ற விதி 1962ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் வந்தது. துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்ட கோதையின் நிலையிலுள்ள குழந்தையை இந்துச் சட்டம் எட்டுவதற்கு அத்தனை காலம் சென்றது.

தற்கால நிலை: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்படுகின்றனர். 2024ஆம் ஆண்டின் மாதிரி நெறிமுறைகள் மணமாகாதோரையும் இதற்கு அனுமதித்து, சுவீகாரத்திற்கு முன் கழிய வேண்டிய வளர்ப்புக் காலத்தை ஐந்தாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தன. விவரமறிந்த பிள்ளையின் சம்மதமும் பெறப்படும். முன்னர் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்திற்குட்பட்டிருந்த சுவீகார ஆணையை, 2022 செப்டம்பர் முதல் விருதுநகர் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.