அரண்டவன் கண்ணுக்கு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அதை ஆய்வுக்கூடத்தில் நிறுவிக் காட்டியதாக உளவியல் பாடநூல்கள் பெருமையுடன் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அங்கே அரண்டது ஒரு பதினொரு மாதக் குழந்தை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920இல் அச்சோதனையை வெளியிட்டனர். கட்டுரையில் குழந்தையின் பெயர் ஆல்பர்ட். பிறர் குழந்தைகளுக்குப் பாலூட்டும் பணியில் மருத்துவமனையில் இருந்தவளின் மகன். ஒன்பதாம் மாதத்தில் வெள்ளெலியைக் கண்டு அவன் அஞ்சவில்லை. பதினொரு மாதமானபின், எலியைக் காட்டி, அவன் தலைக்குப் பின்னால் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் இருநாட்களாக, ஏழு முறை. பிறகு ஓசையே தேவைப்படவில்லை. எலியைக் கண்டதும் அழுதபடி தவழ்ந்து விலகினான்.

ஐந்து நாள் கழித்து முயலைக் காட்டினார்கள், அழுதான். நாய்க்கும் ரோம மேலங்கிக்கும் கலங்கினான். பஞ்சைத் தொடவும் தயங்கினான். மரக்கட்டைகளோடு மட்டும் முன்போலவே விளையாடினான். அச்சம் கண்டபடி பரவவில்லை, சாயலைப் பற்றிக்கொண்டே சென்றது என்பதற்கு அந்தக் கட்டைகளே சாட்சி.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. மூலக் கட்டுரையோ, அச்சம் சில நாட்களில் மங்கியதையும், அதைப் புதுப்பிக்க மீண்டும் தண்டை அடித்ததையும் சொல்கிறது. அடித்தது எலிக்கு மட்டுமன்று. முயலைக் காட்டியும் நாயைக் காட்டியும் அடித்திருக்கிறார்கள். அதற்குப்பின் அவ்விரண்டின் முன் அவன் காட்டிய அச்சத்தில், தானே பரவியது எவ்வளவு, புகட்டியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். முயலுக்கும் ரோமத்துக்கும் பஞ்சுக்கும் இறகுக்கும் அஞ்சியவன் அவன். பிடித்த உணவை அவன் உண்ணும்போது, முயலைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார்கள். முயலச்சம் நீங்கியது, நேரடியாகப் பழக்காதபோதும் பஞ்சு, இறகு, ரோமம் ஆகியவற்றின் அச்சமும் உடன் நீங்கியது. அச்சம் சென்ற வழியே ஆறுதலும் செல்லும் என்று நாம் அறிந்துகொண்டது பீட்டரிடமிருந்துதான்.

ஆல்பர்ட்டுக்கு அது வாய்க்கவில்லை. அச்சம் நீக்கும் முறைகளைச் சோதிக்குமுன்பே அவன் மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டான். அவன் யாரென்று 2009இலும் 2014இலும் ஆய்வாளர்கள் வெவ்வேறு இருவரைச் சுட்டினார்கள். ஒருவர் ஆறு வயதில் இறந்தவர். மற்றவர் முதுமைவரை வாழ்ந்தவர். இருவரில் எவராயினும், அந்த அச்சத்தை நீக்க வாட்சனோ ரேய்னரோ எதுவும் செய்யவில்லை என்பதே வரலாறு.