அரை ஆள்

லண்டனுக்குத் தெற்கேயுள்ள க்ராய்டன், நல்ல காற்றையும் சிறு தோட்டத்தையும் நாடி ரயில் தூரத்தில் குடியேறிய குமாஸ்தாக்களின் ஊர். 1944 கோடையில் அதன்மேல் சுமார் 140 பறக்கும் குண்டுகள் விழுந்தன. யுத்த சரித்திரங்களில் இந்தப் புறநகருக்குக் கிடைக்கும் இடம் அந்த எண்ணோடு சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண்: அரை.

1935இன் வீட்டுவசதிச் சட்டம் நெரிசலுக்கு ஒரு வாய்பாடு வகுத்தது. ஓர் அறைக்கு இரண்டு பேர், இரண்டு அறைக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து. கூடமும் படுக்கையறையாகவே கொள்ளப்படும். பத்து வயதுக்குக் கீழே அரை ஆள். ஒரு வயது நிறையாத குழந்தை ஆளே இல்லை. நாளெல்லாம் பேரேட்டோடு மல்லாடுகிறவன் சொல்கிறேன், இப்படி எழுத அனுமதித்தால் எந்தக் கணக்கும் நேராகிவிடும்.

1939இல் யுத்தம் வந்ததும் சேரி ஒழிப்பு நின்றது, புது வீடு கட்டுவதும் ஏறக்குறைய நின்றது. கூரை போனவர்கள் கூரை மிஞ்சிய உறவினர் வீட்டில் ஒண்டினார்கள். இரவில் தோட்டத்துப் பள்ளத்தில் இறக்கிய ஆண்டர்சன் தகரக் குடிலில் ஆறு பேர், பல இடங்களில் ஊற்றெடுத்த தண்ணீரோடு.

எதிர்பார்த்த கொள்ளைநோய்கள் வரவில்லை. வந்தது சொறி. கௌரவமில்லாத வியாதி, அதனால்தானோ என்னவோ சரித்திரக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. அதிகாரிகள் கம்பளியைச் சந்தேகித்தார்கள். வீடுவீடாகப் படுக்கைத் துணிகளை எடுத்துப்போய்ச் சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். இந்த நம்பிக்கையை 1941இல் சோதித்தவர் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர். ஷெஃபீல்டின் புறத்தே ஒரு வீட்டில், ஆயுதமெடுக்க மறுத்த இளைஞர்களுக்கு நோயாளிகள் களைந்த உள்ளாடையையும் கம்பளியையும் துவைக்காமல் கொடுத்தார். அபூர்வமாகவே தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்குத் தொற்றியது.

கம்பளி குற்றவாளி என்றால் பழி வீட்டுக்காரியின் சுத்தத்தின் மேல். படுக்கை என்றால் கேள்வி வேறு: இந்த வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை கட்டில்? உறவினர் வீட்டுக் கட்டிலில் மூவராகக் கிடந்தவர்கள் பெரும்பாலும் சட்டத்தின் அரை ஆள்கள். பூச்சிக்கு அந்த வாய்பாடு தெரியாது.

இங்கிலாந்து, வேல்ஸில் சிசு மரணம் 1941இல் ஆயிரத்துக்கு 60, 1945இல் 46. இதைக் காட்டி யுத்தம் ஆரோக்கியம் தந்தது என்பவர்கள் உண்டு. மலிவுப் பாலும் தடுப்பூசியும் குழந்தைகளை எட்டியது நிஜம். கட்டில் எட்டவில்லை.

1985இல் வீட்டுவசதிச் சட்டத்தைத் திரும்பத் தொகுத்தபோதும் அரை ஆள் அரை ஆளாகவே அதில் இடம்பெற்றான்.