உண்ணாமுலையும் கிண்ணப்பாலும்

எங்க ஊர் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர். யாரும் பால் அருந்தாத முலையை உடையவள். வடமொழியில் அபீதகுசாம்பாள். திருவண்ணாமலைக்கு வந்த சம்பந்தர் ஒரு பதிகத்தை இந்தப் பெயரைச் சொல்லியே தொடங்குகிறார். வேடிக்கை என்னவென்றால், பாடுகிறவர் சீர்காழிக் குளக்கரையில் அதே உமையின் பாலை உண்ட பிள்ளை. அப்புறம் எப்படி உண்ணாமுலை? சேக்கிழாரின் பிரதியில் உமை முலை கொடுப்பதில்லை. பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டுகிறாள். பால் உடலைவிட்டுப் பாத்திரத்துக்கு வந்துவிட்டது. முரண் தீர்கிற இடம் இந்தக் கிண்ணம்தான் என்று நான் வாசிக்கிறேன்.

அடுத்து நடப்பதை நாம் அற்புதமாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். குளித்துக் கரையேறிய தகப்பன் பிள்ளையின் வாயில் பாலைப் பார்க்கிறார். சிறு கோலை ஓங்கி, எச்சில் படும்படி இதைக் கொடுத்தது யார், காட்டு என்கிறார். பசி ஆறியதா என்று கேட்கவில்லை. அந்தணத் தகப்பனின் கவலை தீட்டைப் பற்றியது.

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. ஆசியாவின் முதலாவது, 1989இல் தாராவியை ஒட்டிய சயன் மாநகராட்சி மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் வந்தது. கொடுக்கும் பெண்ணுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் சோதனைகள் உண்டு. பல பெண்களின் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். பதிவேட்டில் எண் இருக்கும். குடிக்கிற குறைமாதப் பிள்ளையின் வீட்டுக்குப் பெயர் போகாது. கோல் ஓங்கிய தகப்பனுக்கு இங்கே பதில் கிடையாது. நம் சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. (பால் உறவை மதிக்கும் இஸ்லாமிய மரபும் பெயர் கேட்கிறது. அது வேறு கேள்வி: ஒருத்தியின் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தார் ஆகிவிடுவார்கள், மணக்கக் கூடாது.)

வீட்டு ஃப்ரீசருக்கு வந்தால் அதிகாரம் மாமியாரிடம். காய்ச்சாத பால் ஆகாது என்பது மாட்டுப்பாலிலிருந்து வந்த அறிவு. உறைந்த தாய்ப்பாலை அடுப்பில் காய்ச்சினால் நோய் தடுக்கும் புரதங்கள் சிதைந்துவிடும். மைக்ரோவேவில் ஒருபக்கம் கொதித்துப் பிள்ளை வாயைச் சுடும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடணும். அவசரமென்றால், மூடின புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். முழுக்க உருகியது ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். இளஞ்சூடாக்கியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். திரும்ப உறைய வைக்கக் கூடாது. உருகின பாலில் கொழுப்பு ஆடைபோல மேலே பிரிந்து நிற்கும், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். சில பாலில் சோப்பு வாசமும் வரும். அது பாலிலேயே இருக்கிற லைபேஸ் நொதியின் வேலை. இதையெல்லாம் 'கெட்டுப்போச்சு' என்று கொட்டிவிடுகிறோம்.

2017 சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது. கிரிவலப் பாதையில் பூக்கட்டி விற்கிறவளுக்கு அந்த விடுப்பு எட்டாது. ஃப்ரீசர் என்ற ஏற்பாடும் அவளை எண்ணிச் செய்ததல்ல.

தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று 2024 மே மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சரியான அறிவிப்பு. சந்தையும் பெயர் கேட்காது, ஆனால் அது கேட்காமலிருப்பது சாதியை மறுப்பதற்காக அல்ல. விற்பனைக்கு விட்டிருந்தால் முதலில் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியிருப்பது அந்தப் பூக்காரிதான். அவள் பிள்ளைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?