மருந்தில்லாக் காய்ச்சலும் செவிலியர் பஞ்சமும்: அமெரிக்கா, 1918

1918 ஆகஸ்ட் இறுதியில் பாஸ்டன் துறைமுகத்தில் கடற்படையினரிடையே தொடங்கிய இன்ஃப்ளூயன்சாவின் இரண்டாம் அலை, சில வாரங்களில் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்நாட்டில் இக்கொள்ளைநோய்க்குச் சுமார் 6,75,000 பேர் பலியாயினர். 20 முதல் 40 வயது வரையிலான, நல்ல உடற்கட்டுள்ளவர்களே பெருமளவில் மடிந்தனர். நோய்க்குக் காரணம் வைரஸ் என்பது அப்போது தெரியாது. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். காய்ச்சலைத் தொடர்ந்து வந்த நிமோனியாவை அடக்க ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் இல்லை. மருத்துவர் ஆஸ்பிரின் கொடுக்கலாம், சான்றிதழ் எழுதலாம். நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் படுக்கையருகே இருந்தவரின் கையில் இருந்தது.

அந்தக் கை செய்த வேலைகள் எளியவை, ஆனால் ஓயாதவை. காய்ச்சல் ஏறும்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது, மணிக்கொரு தரம் நீரோ கஞ்சியோ புகட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, நனைந்த விரிப்புகளை மாற்றுவது, ஜன்னி கண்டு எழுந்தோட முயல்பவரைப் பிடித்துக் கிடத்துவது. ஏழைகளின் குடியிருப்புகளுக்குச் சென்ற செவிலியருக்கு இதோடு முடியவில்லை. தாயும் தந்தையும் ஒரே படுக்கையில் கிடக்க, பிள்ளைகள் பசியோடு நிற்கும் வீடுகளில் அடுப்பு மூட்டிச் சமைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, பிறகே அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. இந்த வேலைகளைத் துணைப்பணி என்று ஒதுக்குவது சரியாகாது. அந்த ஆண்டில் சிகிச்சை என்று இருந்தது இதுவே.

இத்தனை தேவைப்பட்ட நேரத்தில் செவிலியர் கிடைக்கவில்லை. முதல் காரணம் போர். போர் முடியும் தறுவாயில் ராணுவச் செவிலியர் படையில் 20,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் பாதியளவு கடல்கடந்து சென்றிருந்தனர். இரண்டாவது காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. மருத்துவமனை வார்டுகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பயிற்சி மாணவியர். படிப்பை முடித்தவர்களோ வசதி படைத்த குடும்பங்களில் ஒரே நோயாளிக்கு ஒருவராகத் தனிப்பணி பார்த்தனர். பணமில்லாதவர் வீட்டுக்குத் தேர்ந்த செவிலியர் வருவதற்கு நகரத் தொண்டு அமைப்புகளைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

அத்தகைய அமைப்புகளில் முதன்மையானது லில்லியன் வால்டு 1893இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சேரியில் தொடங்கிய ஹென்றி தெரு இல்லம். அங்கிருந்து செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். 1909 முதல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் பாலிசிதாரர்களுக்கு இவர்களின் சேவையைப் பணம் கொடுத்துப் பெற்றது. அதனால் 1918 அக்டோபரில் நகரின் எந்தத் தெருவில் எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று அறிந்த ஒரு படை ஏற்கெனவே இருந்தது. வால்டு தலைமையில் செவிலியர் அவசர மன்றம் கூடிற்று. பல்வேறு அமைப்புகளின் வேலை ஒன்றாகப் பங்கிடப்பட்டது. ஐந்தாம் அவென்யூவின் பெரிய கடைகளின் முன் பெண்கள் நின்று, பயிற்சி இல்லாதவர்களும் உதவ வரலாம் என்ற வேண்டுகோளை வழிப்போக்கர்களிடம் கொடுத்தனர்.

நாடளவில் இப்பொறுப்பு செஞ்சிலுவைச் சங்கத்திடம் வந்தது. திருமணமானதாலோ வயதாலோ போர்ப்பணிக்குத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட செவிலியரை அது ஊர்களில் திரட்டியது. பணிக்கு வந்தவர்களில் பலர் நோயாளிகளின் அருகிலேயே நோய்வாய்ப்பட்டனர். போர்க்காலத்தில் ராணுவச் செவிலியர் 200 பேருக்கு மேல் இறந்தனர்; பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல, இந்தக் காய்ச்சலும் நிமோனியாவுமே.

பஞ்சத்துக்கு மூன்றாவது காரணமும் உண்டு. அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. முறையாகப் பயின்ற கறுப்பினச் செவிலியர் தயாராக நின்றனர். 1908இல் தொடங்கிய அவர்களின் தேசியச் சங்கமும், அதன் தலைவர் ஏடா தாம்ஸும் போர்க்காலம் முழுக்க வாய்ப்புக் கேட்டனர். ராணுவம் நிறத்தைக் காட்டிக் கதவடைத்தது. முகாம்களில் ஆள் போதாமல் தவித்த பின்பே, போர் ஓய்ந்து 1918 டிசம்பரில், 18 பேர் ஒஹையோவின் ஷெர்மன் முகாமுக்கும் இலினாயின் கிராண்ட் முகாமுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்கள் வெள்ளையர், கறுப்பர் என்ற பேதமின்றி எல்லா நோயாளிகளையும் கவனித்தனர். தங்குமிடம் மட்டும் அவர்களுக்குத் தனியாக ஒதுக்கப்பட்டது.

காய்ச்சல் தணிந்தபின் செவிலியர் கல்வி பற்றிய விவாதம் வலுத்தது. மருத்துவமனைக்கு மலிவான உழைப்பாளியாக மாணவியைப் பயன்படுத்துவதை 1923இல் வெளிவந்த கோல்டுமார்க் அறிக்கை கண்டித்தது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. போரின்போது ராணுவச் செவிலியர் பள்ளியை நடத்திய ஆனி குட்ரிச் அதன் முதல் தலைவரானார். கறுப்பினச் செவிலியர் பதினெண்மரோ 1919இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தனர். ராணுவம் மீண்டும் கறுப்பினச் செவிலியரை ஏற்றது 1941இல், அதுவும் 56 பேர் என்ற வரம்போடு.