வாரம் ஒரு ஷில்லிங் - லண்டன் பூனைகளின் வைத்தியச் செலவுக் கதை

1868-ம் ஆண்டு. லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. காகிதங்களை எல்லாம் எலிகள் கடித்துக் குதறிக் கொண்டிருந்தன. மூன்று பூனைகளை "வேலைக்கு" வைத்துக் கொள்ளலாமா என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பூனைகளின் பராமரிப்புக்கு வாரம் இரண்டு ஷில்லிங் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

மேலிடம் சம்மதித்தது. ஆனால் ஒதுக்கியது ஒரு ஷில்லிங்தான்! மீதிச் சம்பளத்தைப் பூனைகள் எலிகளிடமிருந்தே வசூலித்துக் கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம் வேறு. எலி குறையாவிட்டால் அந்த ஒரு ஷில்லிங்கிலும் ஒரு பகுதி வெட்டப்படும். நன்றாக உழைத்ததால் 1873-ல் ஒன்றரை ஷில்லிங்காகச் சம்பள உயர்வு கிடைத்தது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேலை பார்க்கும் பூனைக்கே சாப்பாட்டுச் செலவு இவ்வளவு பேரம் பேசித்தான் கிடைத்தது. அந்தப் பூனைக்குக் கால் உடைந்தால்? சொறி பிடித்தால்? வேலையே இல்லாத தெருப் பூனை குட்டி போட்டுவிட்டுச் செத்துப் போனால்? அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் கிடையாது. அந்த இடம் எப்படி வந்தது, யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குதிரை சொத்து, பூனை?

லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் முக்கியமாகப் பார்த்தது குதிரையைத்தான். காரணம் எளிது. குதிரை ஒரு முதலீடு. வண்டி இழுக்கும், உழும், போருக்குப் போகும். வைத்தியச் செலவைவிடக் குதிரையின் விலை அதிகம். அதனால் சொந்தக்காரர் பணம் கொடுப்பார். பூனைக்கு என்ன விலை? ஒன்று செத்தால் தெருவில் இன்னொன்று இலவசமாகக் கிடைக்கும். கணக்குப் பார்த்தால் பூனைக்கு வைத்தியம் செய்வது நஷ்டம்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1822-ல் ரிச்சர்ட் மார்ட்டின் கொண்டுவந்த சட்டம் குதிரை, கழுதை, மாடு, ஆடு போன்றவற்றை வதைப்பதைக் குற்றமாக்கியது. நாயும் பூனையும் அதில் இல்லை. 1835-ல்தான் வீட்டு விலங்குகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வந்தது.

இதற்கிடையே 1824 ஜூன் மாதம் லண்டனில் ஒரு காபிக் கடையில் சிலர் கூடி விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்று அறியப்படும் சங்கம் அது. அதன் முதல் செயலாளர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சங்கத்துக்காகத் தன் திருச்சபை வேலையையே விட்டவர். நோக்கம் பெரியது, ஆனால் நிதி இல்லை. செலவு வரவைத் தாண்டியது. 1826-ல் சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்குப் போனார்! மார்ட்டினும் லூயிஸ் கோம்பெர்ட்ஸ் என்பவரும் பணம் திரட்டி அவரை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. நல்ல மனசு மட்டும் போதாது, ரொக்கமும் வேண்டும் என்ற பாடத்தை விலங்கு நல இயக்கம் தன் இரண்டாவது வயதிலேயே படித்துவிட்டது.

நாய்க்கு முதலில், பூனைக்குப் பிறகு

1860-ல் மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டன் ஹாலோவேயில் அனாதை நாய்களுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். பத்திரிகைகள் கிண்டல் செய்தன. மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு வீடா என்று கேட்டார்கள். (இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது இல்லையா?) 1862-ல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் பத்திரிகையில் இந்தக் காப்பகத்தை ஆதரித்து ஒரு கட்டுரை வந்தது. அது மக்களின் பார்வையை மாற்ற உதவியது. மேரி டீல்பி 1865-ல் காலமானார். காப்பகம் 1871-ல் பேட்டர்சிக்கு இடம் மாறியது.

அங்கே பூனைகளைச் சேர்க்க ஆரம்பித்தது எப்போது தெரியுமா? 1883-ல்தான். அதாவது நாய்க்கும் பூனைக்கும் நடுவில் 23 வருட இடைவெளி. 1885-ல் விக்டோரியா மகாராணி அதன் புரவலர் ஆனார். ராணியின் பெயர் வந்தால் நன்கொடையும் வரும்.

ஆனால் காப்பகம் வேறு, ஆஸ்பத்திரி வேறு. வீட்டில் பாசமாக வளர்க்கும் பூனைக்கு உடம்பு சரியில்லை, டாக்டருக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் எங்கே போவது? 1897-ல் தொடங்கிய "வாயில்லா நண்பர்கள் சங்கம்" 1906-ல் லண்டன் விக்டோரியா பகுதியில் ஒரு விலங்கு ஆஸ்பத்திரியைத் திறந்தது. பணம் கொடுக்க முடியாதவர்களின் பிராணிகளுக்கு அங்கே வைத்தியம் நடந்தது. இந்தச் சங்கம்தான் பிறகு புளூ கிராஸ் ஆனது. முதல் உலகப் போரில் இவர்கள் திரட்டிய நிதி முக்கியமாகப் போர்க் குதிரைகளுக்குப் போனது. அந்த நிதிக்காகவே 1916-ல் மட்டானியா என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். குண்டு விழும் சாலையில் ஒரு சிப்பாய் சாகக் கிடக்கும் தன் குதிரையின் தலையை மடியில் வைத்து விடைபெறும் படம். பார்த்தவர்கள் காசு கொடுத்தார்கள். பூனைக்காக அப்படி ஒரு படம் யாரும் வரையவில்லை.

நிலவறையில் ஒரு ஆஸ்பத்திரி

இந்தக் கதையின் நாயகி இப்போதுதான் வருகிறார். மரியா டிக்கின். 1870-ல் லண்டனில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். கணவர் ஆர்னால்ட் டிக்கின் ஒரு கணக்காளர். வசதியான குடும்பம். லண்டனின் கிழக்குப் பகுதிச் சேரிகளுக்குச் சமூக சேவைக்காகப் போனபோது மரியா ஒன்றைக் கவனித்தார். மனிதர்களின் வறுமையைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. அதே வீட்டில் சொறி பிடித்துக் கிடக்கும் பூனை, கால் உடைந்த நாய், புண் வைத்த கழுதை இவற்றைப் பற்றிக் கேட்க ஆளில்லை. அந்த ஏழைகள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வைத்தியத்துக்குக் காசு இல்லை, அவ்வளவுதான்.

1917 நவம்பர் 17. போர் நடந்து கொண்டிருந்த சமயம். வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் மரியா டிக்கின் "ஏழைகளின் நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம்" என்ற இடத்தைத் திறந்தார். சுருக்கமாக பி.டி.எஸ்.ஏ. எல்லா விலங்குக்கும் வைத்தியம் உண்டு, எல்லா வைத்தியமும் இலவசம் என்று வாசலில் எழுதிப் போட்டார்.

யாராவது வருவார்களா என்ற சந்தேகம் இருந்தது. வந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் தேவைப்பட்டது! துணியில் சுற்றிய பூனைகளோடும் வண்டி இழுக்கும் கழுதைகளோடும் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஏழைகளுக்கு விலங்கின் மேல் அக்கறை இல்லை என்ற பேச்சுக்கு அந்த வரிசையே பதில்.

அடுத்த சில வருடங்களில் குதிரை பூட்டிய வண்டியில் நடமாடும் மருத்துவமனை ஊர் ஊராகப் போனது. 1928-ல் ஐல்ஃபோர்டில் ஒரு விலங்குச் சிகிச்சை இல்லமும் வந்தது.

டாக்டர்களின் கோபம்

இந்த இடத்தில் ஒரு நியாயமான சண்டையையும் சொல்ல வேண்டும். பி.டி.எஸ்.ஏ.வில் வைத்தியம் பார்த்த பலர் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்கள் இல்லை. அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். பட்டம் வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். "படிக்காதவர் கையில் விலங்கைக் கொடுப்பது கருணையா? காசு உள்ளவனும் இலவச வரிசையில் நின்றால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்பது அவர்கள் வாதம். "நாங்கள் பார்க்கும் பூனை உங்களிடம் ஒருநாளும் வந்திருக்காது. உங்களுக்கு நஷ்டம் எங்கே?" என்பது இவர்கள் வாதம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. கடைசியில் 1948-ம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்றவர்கள்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம் என்றது. ஏற்கனவே வேலை செய்து வந்தவர்களுக்குத் தனி அனுமதி தரப்பட்டது. பிறகு பி.டி.எஸ்.ஏ.வும் பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு மாறியது. தரம் உயர்ந்தது. கூடவே செலவும் உயர்ந்தது. செலவு உயர்ந்தால் நிதி திரட்டுவதும் பெருக வேண்டும்.

ஒரு கறுப்பு வாரம்

1939 செப்டம்பர். இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய், பூனைகள் கொல்லப்பட்டன. எதிரியின் குண்டால் அல்ல, சொந்தக்காரர்களே கொண்டுபோய்க் கொடுத்துக் கொன்றார்கள். பதுங்கு இடங்களில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. உணவுப் பற்றாக்குறை வரும் என்ற பயம். ஊருக்கு அனுப்ப வழியில்லை என்றால் கொன்றுவிடுவதே கருணை என்று அதிகாரபூர்வத் துண்டறிக்கையே சொன்னது. ஒரு குண்டுகூட விழாத வாரம் அது!

பிறகு கிடங்குகளில் எலி பெருகியபோது பூனையின் அருமை தெரிந்தது. உணவுக் கிடங்குகளில் வேலை பார்க்கும் பூனைகளுக்கு அரசாங்கமே பால் பவுடர் ஒதுக்கியது. 1868-ன் அதே கணக்கு. வேலை இருந்தால் சோறு.

சைமன் என்ற பூனையும் தேனீக்களும்

மரியா டிக்கின் 1943-ல் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தினார். போரில் வீரம் காட்டிய விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம். 1949 வரை கொடுக்கப்பட்டவை 54. அதில் 32 புறா, 18 நாய், 3 குதிரை. பூனை? ஒன்றே ஒன்று.

அதன் பெயர் சைமன். ஹாங்காங்கிலிருந்து அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிய பூனை. 1949 ஏப்ரலில் சீனாவின் யாங்சே நதியில் கப்பல் தாக்கப்பட்டது. கப்பலின் தலைவர் இறந்தார். சைமனும் குண்டுச் சிதறல் பட்டுப் படுகாயம் அடைந்தது. பிழைத்து எழுந்து, மூன்று மாதத்துக்கு மேல் சிக்கிக் கிடந்த கப்பலில் உணவைத் தின்ற எலிகளை வேட்டையாடியது. இங்கிலாந்து வந்து சேர்ந்து தனிமைக் காப்பில் இருந்தபோது நவம்பர் 28-ல் இறந்தது. பதக்கம் இறந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஐல்ஃபோர்டில் பி.டி.எஸ்.ஏ. கல்லறையில் அது புதைக்கப்பட்டது.

பதக்கம் ஒரு சின்ன வெண்கலத் துண்டு. செய்ய அதிகம் செலவாகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் செய்தி வரும், சங்கத்தின் பெயரும் கூடவே வரும். இன்றைய விளம்பர நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்வதை அந்த அம்மாள் அன்றே செய்துவிட்டார்.

இன்னொரு வழி குழந்தைகள். 1934-ல் "சுறுசுறுப்புத் தேனீக்கள்" என்ற சிறுவர் சங்கம் தொடங்கியது. பையன்களும் பெண்களும் பழைய தபால்தலை, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித் தாள் போன்றவற்றைச் சேகரித்துக் கொடுப்பார்கள். அது விற்றுக் காசாகும். 1951-ல் மரியா டிக்கின் காலமானார். அடுத்த ஆண்டு "ராணித் தேனீ" பொறுப்பை ஏற்றவர் யார் தெரியுமா? நம் பள்ளி நூலகங்களிலும் இருக்கும் கதைகளை எழுதிய எனிட் பிளைட்டன்! தன் வாசகக் குழந்தைகளை எல்லாம் அவர் இந்தப் பக்கம் திருப்பினார். குப்பைக்குப் போக வேண்டிய வெள்ளித் தாள் ஒரு பூனையின் மருந்தாக மாறியது.

நம்ம ஊர்

1959-ல் சென்னையில் விமானி கேப்டன் வி.சுந்தரம் தன் குடும்பத்தோடு புளூ கிராஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். 1964-ல் அது பதிவு செய்யப்பட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் லண்டன் சங்கத்தின் கிளை அல்ல, தனி அமைப்பு. மழை வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றியதில் ஆரம்பித்த வேலை அது. இங்கேயும் நாய்தான் முதலில்!

மீண்டும் அதே கேள்வி

இன்று பிரிட்டனில் கதை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2013-ல் அங்கே கால்நடை மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றுதான் பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. பத்தே ஆண்டுகளில் அது ஏறக்குறைய 60% ஆனது. 2016 முதல் 2023 வரை கட்டணம் 63% உயர்ந்ததாக அந்த நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் கண்டது. பி.டி.எஸ்.ஏ. இன்றும் இயங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் இலவசம் என்ற பழைய பலகை இல்லை. அரசு உதவித்தொகை வாங்குபவரா, எந்தப் பகுதியில் வசிக்கிறார் என்றெல்லாம் பார்த்துத்தான் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வைத்தியம்.

இது தவறு என்று சொல்லிவிட முடியாது. கையில் இருக்கும் நிதி கொஞ்சம், வரிசை நீளம். யாரையாவது நிறுத்தத்தான் வேண்டும். புரூம் கணக்குப் பார்க்காமல் சிறைக்குப் போனது நினைவிருக்கிறதா? கணக்குப் பார்க்காத கருணை நீடிக்காது.

ஆனால் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்த நிலவறை திறந்தே இருக்காது. பூனைக்கு வைத்தியம் செய்வது அன்றைக்கும் நஷ்டக் கணக்குதான். அந்த நஷ்டத்தை யாரோ முகம் தெரியாதவர்கள் சில்லறையாகவும் தபால்தலையாகவும் வெள்ளித் தாளாகவும் பங்கு போட்டுக் கொண்டார்கள். அதனால்தான் எலி பிடிக்காத பூனைக்கும் ஒரு கட்டுப் போட ஆள் கிடைத்தது.

அடுத்த முறை தெருவோரத்தில் அடிபட்ட பூனைக்குட்டியை யாரோ கையில் ஏந்திக் கொண்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்து ரூபாய் கேட்டால், அது புதுப் பழக்கம் இல்லை. நூறு வருடத்துக்கு மேலான வரிசை அது. அதில் கடைசியாக நிற்பவர் அவர்.