காட்டப்படாதவற்றின் கணக்கு: சட்ட ஆவணங்களை இயந்திரம் வாசித்த வரலாறு

ஒப்பந்தங்களை வாசித்து ஆபத்தான ஷரத்துகளைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இந்திய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் இன்று எதிர்கொள்கின்றன. விற்பனையாளர்கள் வேகத்தையும் துல்லியத்தையும் முன்வைக்கின்றனர். தேர்வு புதியது, ஆனால் அதன் அடியிலுள்ள சிக்கலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரே பொருளைப் பலர் பல சொற்களால் குறிக்கும்போது, தேடுபவர் தவறவிட்டதை எவ்வாறு அறிவது என்பதே அச்சிக்கல்.

அவ்வரலாறு ஒரு சொல்லை மாற்றும் முயற்சியில் தொடங்கியது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சட்டங்களில் இருந்த 'ரிட்டார்டட் சைல்ட்' என்ற தொடரை நீக்கி 'எக்ஸெப்ஷனல் சைல்ட்' என்ற தொடரை இட வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹார்ட்டி இப்பணிக்கு முதலில் மாணவர்களை அமர்த்தினார். ஒரு குழு வாசித்தது. மற்றொரு குழு மீண்டும் வாசித்தது. அப்போதும் பிழைகள் எஞ்சின. பின்னரே சட்டங்களின் முழு வாசகமும் துளை அட்டைகளில் ஏற்றப்பட்டு, கணினி வழியே தேடப்பட்டது. மனிதக் கண் தவறவிட்டதை இயந்திரம் பிடித்தது. ஆயினும் அங்கே தேடப்பட்டது வடிவம் மாறாத ஒரு தொடர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1973-இல் லெக்ஸிஸ் சேவை வணிகமுறையில் அறிமுகமானது. முழு வாசகத் தேடல் வழக்கறிஞர்களின் அன்றாடக் கருவியாகத் தொடங்கியது. அதன் திறனைக் கடுமையாகச் சோதித்த ஆய்வை டேவிட் பிளேர், எம்.இ. மேரன் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்டனர். ஒரு பெரும் வழக்கிற்காகத் திரட்டப்பட்ட ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், 3,50,000 பக்கங்கள், ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்டேர்ஸ் என்னும் தேடல் அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கை நடத்திய வழக்கறிஞர்கள், தொடர்புடைய ஆவணங்களில் குறைந்தது 75 விழுக்காடாவது கிடைக்க வேண்டும் எனக் கோரினர். தேடல் முடிந்தபோது அந்த அளவை எட்டியதாகவே நம்பினர். உண்மையில் கிடைத்தது சராசரியாக 20 விழுக்காடு மட்டுமே.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை அதே ஆய்வின் மற்றோர் எண் விளக்குகிறது. இயந்திரம் எடுத்துத் தந்தவற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு உண்மையிலேயே தொடர்புடையவை. வழக்கறிஞர்களின் கண்முன் இருந்த அடுக்கு நன்றாக இருந்தது. அதைக் கொண்டே அவர்கள் முழுமையை மதிப்பிட்டனர். கண்முன் வராத அடுக்கைப் பற்றி அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆய்வாளர்கள் அந்த அடுக்கிலிருந்தும் மாதிரிகளை எடுத்து, எது எந்த அடுக்கைச் சேர்ந்தது எனக் கூறாமல் வழக்கறிஞர்களிடமே தந்து மதிப்பிடச் செய்தனர். அதன் பின்னரே இழப்பின் அளவு வெளிப்பட்டது.

காரணம் மொழியில் இருந்தது. வழக்கின் மையம் ஒரு விபத்து. ஆனால் பொறுப்பேற்க நேரும் தரப்பினர் அதை 'விபத்து' என்று எழுதுவதைத் தவிர்த்தனர். 'நிகழ்வு', 'சம்பவம்', 'நிலைமை', 'சிக்கல்' என்றெல்லாம் அவர்களது கடிதங்கள் குறிப்பிட்டன. எதிர்த்தரப்போ 'விபத்து' என்றே எழுதியது. சொற்தேர்வு தற்செயலானதன்று, எழுதுபவரின் நலனைச் சார்ந்தது. ஆகவே மிக முக்கியமான ஆவணமே தேடுசொல்லுக்கு அகப்படாமல் போகக்கூடும்.

அதன்பின் இந்தியா இவ்வரலாற்றில் வாசிப்பவராக நுழைந்தது. அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் வழக்கு ஆவணங்களையும் இந்தியச் சட்டப் பட்டதாரிகள் வாசித்து வகைப்படுத்தும் அயற்பணித் தொழில் 2000களில் வளர்ந்தது. உரிய மேற்பார்வை இருப்பின் இத்தகைய அயற்பணி தொழில்நெறிக்கு முரணாகாது என அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2008-இல் கருத்துரைத்தது. அத்துறையின் அறியப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றான பாஞ்சியா3-ஐத் தாம்சன் ராய்ட்டர்ஸ் 2010-இல் வாங்கியது. அயல்நாட்டுச் சட்டத்தின் கேள்விகளைக் கொண்டு ஒப்பந்தங்களை வாசிப்பது ஒரு திறனாகவே இங்கு வளர்ந்தது.

இன்று வாசிப்பு இயந்திரத்திடம் செல்கிறது. கேள்விகளின் பிறப்பிடம் பெரிதும் மாறவில்லை. ஆய்வுலகில் பரவலாகப் பயன்படும் 'குவாட்' என்னும் தரவுத்தொகுப்பு 2021-இல் வெளியானது. 510 ஒப்பந்தங்கள், 41 வகை ஷரத்துகள், 13,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் கொண்ட அத்தொகுப்பின் ஒப்பந்தங்கள் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டவை, ஆங்கிலத்தில் அமைந்தவை. அதில் 'போட்டித் தொழில் தடை' ஒரு வகை. 'முதல் மறுப்புரிமை' வேறொரு வகை.

இப்பிரிப்பு இந்தியாவில் ஏன் போதாது என்பதை ஒரு தீர்ப்பு காட்டுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. விளம்பர ஒப்பந்தம் ஒன்றின் மூன்றாண்டுக் காலம் முடிந்த பின்னும், கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வேறு நிறுவனத்தின் வாய்ப்பை ஏற்குமுன் அதே வாய்ப்பைப் பழைய நிறுவனத்திற்குத் தர வேண்டும் என ஒரு ஷரத்து கூறியது. அதில் 'தொழில் செய்யக் கூடாது' என்ற சொற்கள் இல்லை; வடிவத்தில் அது முதல் மறுப்புரிமை. ஆயினும், ஒப்பந்தக் காலத்திற்கு அப்பாலும் நீளும் இக்கட்டுப்பாடு பிரிவு 27-க்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2006-இல் கருதியது. ஷரத்தின் பெயரை மட்டும் அறிந்த கருவி அதை உரிய பெட்டியில் இடும். இந்தியச் சட்டத்தில் அதன் விளைவைச் சுட்டிக்காட்டாது.

இன்றைய மொழி மாதிரிகள் 'விபத்து', 'சம்பவம்' ஆகியவற்றின் பொருள் நெருக்கத்தை அறியும். பழைய சொல்தேடலைவிட அவை வெகுதூரம் முன்னேறியுள்ளன. ஆயினும் விற்பனையாளர் தரும் எண்ணை வாசிக்கும் முறை மாறக் கூடாது. மென்பொருள் விற்கும் லாகீக்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள் 94 விழுக்காடும், 20 அமெரிக்க வழக்கறிஞர்கள் சராசரியாக 85 விழுக்காடும் துல்லியம் பெற்றனர். சோதனைக்கு எடுக்கப்பட்டவை ஐந்து ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள். அந்த எண் அவ்வகை ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும். ஒரு குத்தகைப் பத்திரத்தைப் பற்றியோ, இருமொழியில் அமைந்த விநியோக உடன்பாட்டைப் பற்றியோ பேசாது.

எனவே தேர்வுக்கு முன் ஒரு சட்டப் பிரிவு செய்யத்தக்க சோதனை 1985-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் சொந்தப் பழைய ஒப்பந்தங்களை மென்பொருளிடம் தர வேண்டும். அது 'சிக்கல் இல்லை' என ஒதுக்கிய அடுக்கிலிருந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, இந்தியச் சட்டம் அறிந்த ஒருவர் முழுமையாக வாசிக்க வேண்டும். இதற்குச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களையும் மிச்சப்படுத்தவே மென்பொருள் வாங்கப்படுகிறது என்பதால், பெரும்பாலும் முதலில் கைவிடப்படக்கூடிய படியும் இதுவே. ஸ்டேர்ஸ் அமைப்பை நம்பிய வழக்கறிஞர்களும் திறமையற்றவர்கள் அல்லர். ஒதுக்கப்பட்ட அடுக்கை வாசிக்கும் தேவை தங்களுக்கு இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை.